கேட்கத் தெரிந்தவரே தலைவர்

தலைமை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை உயர்ந்த மேடையும் ஒலிபெருக்கியும்தாம். பேசுபவர் தலைவர், கேட்பவர் தொண்டர் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் பிழையென்பதை ஒரு நாடகக் கலைஞர் மேடையிலேயே கற்றுக்கொண்டார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அவர் பிரேசில் நாட்டின் அகஸ்தோ போவால். 1931ஆம் ஆண்டு பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் இவரது குழுவினர் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதி உழவர்களிடையே நாடகம் நடத்தினர். நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியேந்தி முழங்கினர். நாடகம் முடிந்ததும் உழவர் ஒருவர் வந்து, நிலக்கிழாரின் ஆட்களை எதிர்க்கத் தம்முடன் புறப்படுமாறு அழைத்தார். இவை நாடகத் துப்பாக்கிகள் என்றனர் கலைஞர்கள். உண்மைத் துப்பாக்கிகள் தங்களிடம் இருப்பதாகச் சொன்னார் அவர். தாங்கள் வெறும் நடிகர்கள் என்று இவர்கள் தயங்கினர். அப்படியானால் சிந்தப்போவது உழவர்களின் இரத்தம் மட்டும்தானா என்று அவர் கேட்டபோது எவரிடமும் விடையில்லை.

தாம் ஏற்கத் துணியாத இடரைப் பிறருக்கு உபதேசிப்பது தலைமையன்று என்பதைப் போவால் அன்று உணர்ந்தார்.

1971இல் இராணுவ ஆட்சி அவரைச் சிறைப்படுத்தி வதைத்தது. விடுதலைக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றினார். அங்கே ஒருநாள், கணவனால் ஏமாற்றப்பட்ட பெண் என்ன செய்யலாம் என்பது நாடகமாயிற்று. பார்வையாளர்கள் சொன்ன யோசனைகளை நடிகர்கள் நடித்துக் காட்டினர். ஒரு பெண்மணிக்கு மட்டும் நிறைவில்லை. எத்தனை முறை நடித்தாலும் அவர் கருதியது அதுவாக இல்லை. இறுதியில் அவரையே மேடைக்கு அழைத்தார் போவால். அவர் வந்து நடித்தபோதுதான் அவர் சொல்லவந்தது விளங்கிற்று.

இவ்வாறு உருவானதே "விவாத அரங்கு". அநீதியில் முடியும் சிறு நாடகம் ஒருமுறை நடிக்கப்படும். மறுமுறை நடிக்கையில் பார்வையாளர் எவரும் "நிறுத்துங்கள்" என்று கூறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழி தேடலாம். நடத்துபவருக்கு "ஜோக்கர்" என்று பெயர். சீட்டுக்கட்டில் எந்த இனத்தையும் சாராத சீட்டைப்போல் அவர் எப்பக்கமும் சாயமாட்டார், தீர்ப்புக் கூறமாட்டார். கேள்வி எழுப்புவார், காத்திருப்பார். பொறுமையும் விழிப்பும் கொண்ட தலைமைக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டோ?

1992இல் ரியோ டி ஜெனிரோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட போவால், இம்முறையில் மக்கள் நடித்துக் காட்டிய தேவைகளைச் சட்ட முன்வடிவுகளாக்கினார். அவற்றுள் 13 சட்டங்களாயின. நகர மருத்துவமனைகளில் முதியோர் நோய்களுக்கான மருத்துவர் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2009இல் அவர் மறைந்தார்.

அன்பு வாசகர்களே! நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வசனங்களை ஒப்பிக்கின்றனர். நாமும் கைதட்டி மகிழ்கிறோம். தெருக்குழாயடிச் சண்டையையோ, வகுப்பில் ஒதுக்கப்பட்ட மாணவனின் துயரையோ ஒருமுறை நடிக்கச் செய்து பாருங்கள். "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். ஆனால் பிள்ளை விடை தேடும்வரை குறுக்கிடாதீர்கள். ஒதுக்கப்பட்டவனின் இடத்தில் ஒருமுறை நின்ற பிள்ளை, நாளை பிறருக்கு ஆணையிடும் நிலைக்கு உயர்ந்தாலும் அவ்விடத்தை எளிதில் மறக்காது.