2018–19 ஐ-லீக் காற்பந்துப் பருவம்

2018–19 ஐ-லீக் என்பது இந்தியாவின் ஐ-லீக் காற்பந்துப் போட்டியின் 12-ஆவது பருவம் ஆகும். இது 2018 அக்டோபர் 26 அன்று தொடங்கி 2019 மார்ச் மாதம் நிறைவடைந்தது. கோயம்புத்தூரைத் தன் சொந்தக் களமாகக் கொண்டு விளையாடிய சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. ஐ-லீக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த அணி வாகையர் பட்டம் வென்றது இதுவே முதல் முறையாகும். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி குறைவாகப் பெற்று இரண்டாமிடம் அடைந்தது.

பின்னணி

1996-இல் தொடங்கிய தேசிய காற்பந்து லீக்குக்கு மாற்றாக 2007-இல் ஐ-லீக் உருவாக்கப்பட்டது. தேசிய லீக்கில் சென்னையின் இந்தியன் வங்கி அணி விளையாடியிருந்தாலும், பட்டங்கள் பெரும்பாலும் வங்காளம், கோவா அணிகளுக்கே சென்றன. சென்னை சிட்டி 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் சேர்க்கப்பட்டது. முந்தைய 2017–18 பருவத்தில் அது 8-ஆம் இடத்தையே பிடித்திருந்தது.

போட்டி முறை

இப்பருவத்தில் 11 அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணியும் மற்ற 10 அணிகளுடன் சொந்தக் களத்தில் ஒரு முறையும் எதிரணியின் களத்தில் ஒரு முறையும் மோதியது. வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்பட்டன. இறுதிப்போட்டி என்று தனியாக ஏதும் இல்லை. 20 ஆட்டங்களின் முடிவில் பட்டியலில் முதலிடம் பெறும் அணியே வாகையர். எனவே பருவத்தின் தொடக்கத்தில் இழக்கும் ஒரு புள்ளியும் கடைசி நாளில் பட்டத்தைத் தீர்மானிக்கக்கூடும்.

ஸ்ரீநகரைச் சேர்ந்த ரியல் காஷ்மீர் முதன்முறையாக இந்த லீக்கில் இடம்பெற்று மூன்றாமிடம் பெற்றது. வெளிநாட்டு வீரர்கள் இன்றி விளையாடிய ஷில்லாங் லஜோங் கடைசி இடம் பெற்றுத் தரமிறங்கியது.

சென்னை சிட்டி அணி

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் அணியின் பயிற்சியாளராக இருந்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் ஸ்பெயினில் விளையாடிய அனுபவம் உடையவர்கள். அவர்களுடன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலான தமிழ்நாட்டு வீரர்களும் தொடர்ந்து களமிறங்கினர். பந்தைக் குறுகிய கடத்தல்களால் முன்னெடுத்துத் தாக்குவது அணியின் ஆட்டமுறையாக இருந்தது.

கோயம்புத்தூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்த தொடக்க ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் அணியை 4–1 என வென்றது. அதில் மான்சி மூன்று கோல்கள் அடித்தார். பெயரில் சென்னை இருந்தாலும் சொந்தக் களம் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் இருந்தது. அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்களின் ரசிகர்கள் தங்கள் ஊர் வழியாகவே செல்லும் கோவை ரயிலில் நீண்ட பயணம் செய்தால்தான் அணியின் 'உள்ளூர்' ஆட்டத்தைக் காண முடிந்தது.

2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது.

இறுதி நாள்

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்சிடம் தோற்றதால், சென்னை சிட்டி பட்டத்தை முன்கூட்டியே உறுதிசெய்ய முடியவில்லை. 2019 மார்ச் 9 அன்று அது 40 புள்ளிகளுடனும் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடனும் களமிறங்கின. சென்னை சிட்டி வென்றால் பட்டம் உறுதி. அது வெல்லத் தவறி, ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்குச் சென்றுவிடும். 2003–04-க்குப் பின் தேசிய லீக் பட்டம் வெல்லாத ஈஸ்ட் பெங்காலுக்கும் அது பெரிய வாய்ப்பாக இருந்தது.

இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபின் ரோலண்ட் பிலாலா 3-ஆவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியிருந்தது. 56-ஆவது நிமிடத்தில் மான்சி தண்ட உதை மூலம் சமன் செய்தார். 69-ஆவது நிமிடத்தில் தடுப்பாட்ட வீரரான கௌரவ் போரா அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் நேரத்தில் அவரே மூன்றாவது கோலையும் அடித்தார். கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவிடம் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால் 2–1 என வென்றது. எனினும் சென்னை சிட்டி 3–1 என வென்றதால் அந்த வெற்றி பயன்தரவில்லை.

முதல் இரு இடங்கள்

சென்னை சிட்டி: ஆட்டங்கள் 20, வெற்றி 13, சமநிலை 4, தோல்வி 3, புள்ளிகள் 43
ஈஸ்ட் பெங்கால்: ஆட்டங்கள் 20, வெற்றி 13, சமநிலை 3, தோல்வி 4, புள்ளிகள் 42

இரு அணிகளும் சம எண்ணிக்கையில் வென்றுள்ளன. ஈஸ்ட் பெங்கால் தோற்ற நான்கு ஆட்டங்களில் இரண்டு சென்னை சிட்டிக்கு எதிரானவை. இரண்டிலும் முடிவு 2–1. மான்சியும் சர்ச்சில் பிரதர்சின் வில்லிஸ் பிளாசாவும் தலா 21 கோல்களுடன் அதிக கோல் அடித்தவர்களாக விளங்கினர்.

பின்விளைவுகள்

பட்டத்தின் பயனாகச் சென்னை சிட்டிக்கு ஆசிய வாகையர் லீக்கின் தகுதிச் சுற்று வாய்ப்பு கிடைத்தது. 2020 ஜனவரியில் பகுரைனின் ரிஃபா அணியிடம் 0–1 எனத் தோற்று வெளியேறியது. இதற்கிடையே 2019 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலை லீக்காக ஏற்கப்பட்டது; ஐ-லீக் அதற்கு அடுத்த நிலைக்குச் சென்றது. சென்னை சிட்டியின் கடைசி ஐ-லீக் பருவம் 2020–21 ஆகும்.