மனம் மீளும் வேகம்

மனச்சோர்வு நோயின் வருகையை முன்கூட்டியே அறிய முயலும் ஆய்வாளர்கள், ஒருவர் எவ்வளவு வருந்துகிறார் என்பதைக் காட்டிலும், அவ்வருத்தத்திலிருந்து எவ்வளவு விரைவில் மீள்கிறார் என்பதையே இப்போது கூர்ந்து நோக்குகின்றனர். இக்கருத்து உளவியலில் பிறந்ததன்று. ஆழமற்ற ஏரிகளின் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிப் பாசி படர்வதை ஆராய்ந்த நெதர்லாந்துச் சூழலியலாளர் மார்ட்டன் ஷெஃபரும் அவருடைய கூட்டாளிகளும், ஓர் அமைப்பு பெருமாற்றத்தை நெருங்கும்போது சிறு அதிர்ச்சிகளிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பும் வேகம் குறைகிறது என்று 2009இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினர்.

மனநிலைக்கும் இது பொருந்துமாயின், காலையில் வாங்கிய ஏச்சின் வருத்தம் நண்பகலில் கரைந்துவிடாமல் இரவுவரை நீடிக்கும். ஒரு பொழுதின் மனநிலை அதற்கு முந்தைய பொழுதின் மனநிலையையே பெரிதும் ஒத்திருக்கும். இந்த ஒப்புமையின் அளவைப் புள்ளியியலார் தன்னொட்டுறவு என்பர். அதனைக் கணக்கிட, கைப்பேசி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி, கவலை போன்ற உணர்வுகளுக்கு அப்போதைக்கப்போதே மதிப்பெண் இடும் முறை பயன்படுகிறது. 1970களில் சிகாகோவில் இம்முறை உருவானபோது, கைப்பேசியின் இடத்தில் பேஜர் இருந்தது.

நலமுடையோரும் மனச்சோர்வுடையோருமாக அறுநூறுக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, தன்னொட்டுறவும் உணர்வுகளின் ஏற்ற இறக்கமும் மிகுந்திருந்தவர்களிடம் பின்னர் நிலைமாற்றம் நேரும் வாய்ப்பும் மிகுந்திருந்ததைக் கண்டது. எனினும், அது ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்ட முடிவேயன்றி, ஒரே மனிதரிடம் நாளடைவில் நிகழ்வதைக் காட்டியதன்று. அக்குறையை நெதர்லாந்தின் மரிகே விகர்ஸ் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு போக்கியது. முன்பே மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்த 57 வயது மனிதர் ஒருவர், மருந்தின் அளவு எப்போது குறைக்கப்படுகிறது என்பதை அறியாமலே அதனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, 239 நாட்கள், நாளொன்றுக்குப் பத்து முறை வரை தம் மனநிலையைப் பதிந்தார். நோய்க்குறிகள் சட்டென ஏறுவதற்கு முன்பே தன்னொட்டுறவு உயரத் தொடங்கியிருந்தது.

ஒற்றை மனிதரின் பதிவுக்கு இருக்கும் வலு அவ்வளவே. மருந்தைக் குறைத்த பலரைப் பின்தொடர்ந்த பிந்தைய ஆய்வுகளில், இந்த முன்னறிகுறியே இன்றி நோய் திரும்பியவர்களும், முன்னறிகுறி தோன்றியும் நலமாகவே இருந்தவர்களும் காணப்பட்டனர். மேலும், மாதக்கணக்கில் நாள்தோறும் பல முறை பதிலளிப்பது நலமுடையோருக்கே சலிப்பூட்டுவது. கணக்குக்கு மிகவும் தேவைப்படும் சோர்வு நாட்களிலோ பதிலளிக்கும் ஊக்கமே குன்றிவிடுகிறது. பொய்யெச்சரிக்கையை நம்பி மருந்தை மீண்டும் தொடங்குவதும், எச்சரிக்கை வரவில்லை என்று வாளாவிருப்பதும் ஒரேபோல் கேடு தருமாதலால், இக்கணக்கு இன்னும் ஆய்வுக்கூடத்தைக் கடந்து மருத்துவரின் வழக்கமான கருவியாகவில்லை.