கருந்துளை என்ட்ரோபியின் மடக்கைத் திருத்தம்

கருந்துளை என்ட்ரோபியின் மடக்கைத் திருத்தம் என்பது, ஈர்ப்பைக் கேஜ் புலமாக எழுதும் அணுகுமுறையில் கிடைத்த ஒரு முடிவாகும். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரொமேஷ் கவுல், பார்த்தசாரதி மஜும்தார் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். அல்லாடி ராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் இல்லத்தில் நடத்திய இயற்பியல் கருத்தரங்கின் தொடர்ச்சியாக 1962இல் உருவானது இந்நிறுவனம்.

கேஜ் புலம்

ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு படி வைத்து நெல் அளப்பதாகக் கொள்வோம். படி மாறினாலும் நெல் மாறாது. ஆனால் ஓர் ஊர்க் கணக்கை அடுத்த ஊர்க் கணக்கோடு ஒப்பிட ஒரு மாற்று விதி தேவை. இத்தகைய விதியை வெளியெங்கும் தருவதே கேஜ் புலம். மின்காந்த விசையும், அணுக்கருவின் வலிய, மெலிய விசைகளும் இவ்வாறே விளக்கப்படுகின்றன. 1986இல் அபய் அஷ்டேகர் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளையும் கேஜ் புல மாறிகளில் எழுதினார். இதிலிருந்து வளையக் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு வளர்ந்தது.

நிலைகளை எண்ணுதல்

பெக்கன்ஸ்டைன், ஹாக்கிங் ஆகியோரின் சூத்திரப்படி, கருந்துளையின் என்ட்ரோபி அதன் எல்லைப் பரப்பில் நான்கில் ஒரு பங்கு (பிளாங்க் அலகில்). என்ட்ரோபி என்பது நிலைகளின் எண்ணிக்கையின் மடக்கை. அந்நிலைகள் எவை என்று சூத்திரம் கூறுவதில்லை.

வளையக் கோட்பாட்டில் எல்லைப் பரப்பின் பல புள்ளிகளில் தற்சுழற்சிகள் அமைகின்றன. எளிய வகையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 2 நிலைகள். எனவே 4 புள்ளிகளுக்கு 16 நிலைகள். ஆனால் மொத்தத் தற்சுழற்சி சுழியாக வேண்டும் என்பது கேஜ் சமச்சீரின் நிபந்தனை. அதனால் 16இல் 2 மட்டுமே எஞ்சும். 6 புள்ளிகளானால் 64இல் 5. இந்தக் குறைவே திருத்தமாகிறது: பழைய சூத்திர மதிப்பிலிருந்து, அம்மதிப்பின் இயல் மடக்கையை 3/2ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும்.

முக்கியத்துவம்

முதல் உறுப்பு நான்கில் ஒரு பங்காக அமைய, கோட்பாட்டிலுள்ள ஒரு மாறிலியைப் பொருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. 3/2 என்ற கெழு அம்மாறிலியைச் சார்ந்ததன்று.

சூரியனின் நிறையுள்ள கருந்துளைக்கு என்ட்ரோபி 1-ஐத் தொடர்ந்து 77 சுழிகள் கொண்ட எண்ணளவு. திருத்தமோ சுமார் 270 மட்டுமே. ஆகவே இதை அளந்து பார்க்க இயலாது. எனினும் கோட்பாடுகளை ஒப்பிட இது உதவுகிறது. 2012இல் அசோக் சென் வேறு முறையில் கணித்த கெழு, வளையக் கோட்பாட்டின் கெழுவோடு பொருந்தவில்லை. முதல் உறுப்பில் ஒன்றுபடும் கோட்பாடுகள் இச்சிறு எண்ணில்தான் வேறுபடுகின்றன.