மணி வந்த வழி – 9: காச்சின் மலைப் பச்சை

2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் சோத்பீஸ் நடத்திய ஏலத்துக்கு ஒரு மாலை வந்தது. மொத்தம் 27 பச்சை ஜேடைட் மணிகள், மாணிக்கமும் வைரமும் பதித்த ஒரு கொக்கி. அவ்வளவுதான். கார்ட்டியே நிறுவனம் அதை 21.4 கோடி ஹாங்காங் டாலருக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 165 கோடி ரூபாய். அமெரிக்கக் கோடீஸ்வரி பார்பரா ஹட்டனுக்கு 1933இல் கல்யாணப் பரிசாக அவர் தந்தை கொடுத்த மாலை அது. 1988இல் 20 லட்சம் அமெரிக்க டாலருக்கும், 1994இல் 42 லட்சத்துக்கும் கைமாறியிருந்தது. தங்கமே பேருக்குத்தான் இருக்கிற ஒரு நகைக்கு ஏன் இந்த விலை?

போன வாரம் பார்த்த கார்னீலியனில் மணி என்பது எளிய உருவம். ஜேடைட்டில் கதை தலைகீழ். கல்லில் ஒரு விரிசல் ஓடினால், சிற்பம் செதுக்குகிறவர் அதை ஒரு இலையின் நரம்பாக மாற்றிவிடுவார். மோதிரக் கல்லில் குறை இருந்தால் அடிப்பக்கமாகத் திருப்பிப் பதித்துவிடலாம். உருண்டை மணிக்கு அடிப்பக்கம் ஏது? கழுத்தில் அது உருண்டுகொண்டே இருக்கும். எல்லாப் பக்கமும் வெளிச்சத்துக்கு வந்தாக வேண்டும். முதலில் கல்லைச் சதுரக் கட்டியாக அறுத்து, முனைகளைத் தட்டி, அப்புறம்தான் உருட்டித் தேய்க்கிறார்கள். கனசதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய உருண்டையே அதன் பருமனில் 52 சதவீதம்தான். மீதி தூளாகப் போகும். அதன்பின் துளை. மறைந்திருந்த விரிசல் துளையிடும்போது திறந்துகொண்டால் அந்த மணி கதை முடிந்தது. இத்தனையும் தப்பினாலும் நிறம் ஒத்துப்போக வேண்டுமே! ஒரே பாறைக்குள்ளேயே பச்சை திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். ஹட்டன் மாலையின் மணிகள் 15.4 முதல் 19.2 மில்லிமீட்டர் வரை. அந்த அளவில், ஒரே பச்சையில், 27 மணி தேற வேண்டுமானால் எத்தனை பெரிய பாறையை அறுத்துத் தூளாக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜேட் என்று கடையில் ஒரே பெயரில் விற்பது உண்மையில் இரண்டு கனிமம். பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தமூர் 1863இல் இதைப் பிரித்துக் காட்டினார். ஒன்று நெஃப்ரைட், தேங்காய் நார்க் கயிறு போல நுண்ணிழைகள் முறுக்கிக் கிடப்பதால் லேசில் உடையாது. சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கி வந்தது இதைத்தான். ஹோத்தன் நகரத்து ஆறுகளில் பொறுக்கிய வெள்ளை நெஃப்ரைட்டுக்கு அங்கே இன்றும் தனி மதிப்பு. மற்றொன்று ஜேடைட். கடல்தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழும் இடத்தில், அழுத்தம் கடுமையாகவும் சூடு ஒப்பளவில் குறைவாகவும் இருந்தால்தான் இது உருவாகும். சிறிதளவு குரோமியம் கலந்துவிட்டால் அந்த மரகதப் பச்சை. இப்படி அமைந்த இடங்கள் உலகில் கொஞ்சம்தான். குவாத்தமாலாவின் மொத்தாகுவா பள்ளத்தாக்குக் கல்லை மாயர்கள் தங்கத்தைவிட உயர்வாக வைத்தார்கள். ஜப்பானில் இத்தோயிகாவா இருக்கிறது. ஆனால் நகைத் தரத்தில் இன்று சந்தைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஊரிலிருந்து: மியான்மரின் காச்சின் மாநிலத்திலுள்ள பாகாந்த். பர்மா என்றால் நமக்குத் தேக்கும் மாணிக்கமும்தான் நினைவுக்கு வரும். சீனச் சந்தைக்கு பர்மா என்றால் இந்தப் பச்சைதான். அதுவும் சீன அரண்மனைக்குள் பெருமளவில் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டில்தான்.

பாகாந்த் பாறைக்கு மேலே பழுப்புத் தோல் மூடியிருக்கும். உள்ளே பச்சையா, சாம்பலா, வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஓரிடத்தில் மட்டும் தோலைத் தேய்த்து ஒரு சின்ன ஜன்னல் திறப்பார்கள். வாங்குகிறவர் அதில் டார்ச் அடித்துப் பார்த்து விலை சொல்வார். அறுத்த பிறகு சிலர் பணக்காரர், சிலர் கடனாளி. சூதாட்டம் என்றே இதைச் சீனர்களும் சொல்கிறார்கள்.

சூதில் பணத்தை வைப்பவர்கள் ஒருபக்கம். உயிரை வைப்பவர்கள் யெமாசேக்கள். நிறுவனங்கள் பெரிய இயந்திரங்களால் மலையை வெட்டிக் கழிவு மண்ணை லாரியில் கொட்டும். அந்தக் குவியலில் தப்பிய கல்லைக் கையால் பொறுக்குகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள். லாரி வந்து கொட்டும்போதே சரிவில் ஓடி ஏறுவார்கள். 2015 நவம்பரில் குவியல் சரிந்து நூறு பேருக்கு மேல் புதைந்தார்கள். 2020 ஜூலை 2 அன்று மழையில் ஊறிய மண்மலை, சுரங்கக் குழியில் தேங்கிய நீருக்குள் விழுந்தது; எழும்பிய சேற்று அலை 170 பேருக்கு மேல் கொண்டுபோனது. 2014இல் மட்டும் இந்தத் தொழிலின் மதிப்பு 3,100 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்கிட்டது. யெமாசேயின் குடிசையில் அதன் அடையாளம் ஒன்றும் இல்லை.

இனி நம்மூர்க் கடைக்கு வருவோம். "மலேசியன் ஜேட்" என்று சரம் சரமாகத் தொங்குவது சாயம் ஏற்றிய குவார்ட்ஸ். "இந்தியன் ஜேட்" என்பது அவெஞ்சுரின். அதுவும் குவார்ட்ஸ்தான், உள்ளே பச்சை அப்பிரகம் மினுக்கும். அழகான கல், ஜேட் அல்ல. சாயம் போட்ட மணியை லென்ஸில் பார்த்தால் நிறம் சீராகப் பரவாமல் நுண்வெடிப்புகளில் வலைபோலத் தேங்கியிருக்கும். கண்ணாடியில் கீறிக் காட்டும் கடைக்காரரை நம்பாதீர்கள். குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். நீருக்குள் எடை போடுவது மேல். வெளியே 33 கிராம் உள்ள ஜேடைட் நீருக்குள் 23 கிராம் காட்டும். குவார்ட்ஸ் என்றால் இருபதரைதான். நூலைக் கழற்றிவிட்டு எடை போடச் சொல்லுங்கள், நல்ல ஆசாரி எவருக்கும் தெரிந்த வேலை.

ஆனால் எடை கனிமத்தை மட்டுமே சொல்லும். அசல் ஜேடைட்டையே அமிலத்தில் ஊறவைத்துக் கறை நீக்கி, வெடிப்புகளில் பிசின் ஏற்றி விற்பது பி வகை. சாயம் ஏற்றியது சி வகை, இரண்டும் செய்தால் பி+சி. நாளாக ஆக அந்தப் பிசின் மஞ்சளிக்கும், கல் பொலிவிழக்கும். இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது. அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை வேண்டும். மெழுகு மெருகைத் தவிர ஒன்றும் செய்யாத கல் மட்டுமே ஏ வகை. ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் ஏ வகை என்று எழுதிய ஆய்வகச் சான்றிதழைக் கேளுங்கள், சரத்தின் எல்லா மணிகளுக்கும் சேர்த்து. தர மாட்டேன் என்றால் சாயக் குவார்ட்ஸுக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)