ஈ தின்னும் இலைக் குடுவை

ஆடு இலையைத் தின்கிறது. புலி ஆட்டைத் தின்கிறது. நாம் கண்டு பழகிய ஒழுங்கு இதுதான். இலையே ஈயைத் தின்னும் என்றால் குழந்தைகளும் நகைப்பார்கள். ஆயினும் அத்தகைய இலைகள் உண்டு. கனடாவின் கீழ்க்கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தில் உள்ள நியூபவுண்ட்லாந்து தீவில் அவற்றைக் காணலாம்.

அத்தீவில் சதுப்பு நிலங்கள் ஏராளம். கால் வைத்தால் மெத்தைபோல் அமிழும். ஸ்பாக்னம் என்னும் பாசி வளர்ந்து, மடிந்து, மடிந்ததன்மேல் மீண்டும் வளர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான நிலம் அது. அங்கே நீருக்குக் குறைவில்லை. நீரில் சத்துத்தான் இல்லை. மழையும் பனியுமே அந்நிலத்திற்கு ஆதாரம். பாசியோ அந்நீரில் புளிப்புத் தன்மையை ஏற்றிவிடுகிறது. குளிர்ந்த புளிப்பு நீரில் எப்பொருளும் எளிதில் மட்காது. ஆதலால் வேர்களுக்கு நைட்ரஜன் முதலிய சத்துக்கள் கிட்டுவது அரிது. சுற்றிலும் ஜலம் இருந்தும் பட்டினி கிடக்க வேண்டிய ஸ்தலம் அது.

இந்தப் பஞ்சப் பிரதேசத்தில்தான் குடுவைச் செடி வளர்கிறது. தாவர சாஸ்திரிகள் இதனை ஸாரஸீனியா பர்ப்யூரியா என்பர். முற்காலத்தில் க்யூபெக்கில் வாழ்ந்த மிஷேல் ஸாரஸான் என்னும் பிரெஞ்சு வைத்தியரின் நினைவாக வந்த பெயர் இது.

இதன் இலைகளே குடுவைகள். அவை தரையோடு வட்டமாக அமைந்து, வானை நோக்கி வாய் திறந்து மழைநீரைச் சேர்த்து வைக்கின்றன. வாயின் விளிம்பில் செந்நிற நரம்புகளும் தேன் துளிகளும் உண்டு. தேனை நாடி எறும்பும் ஈயும் வருகின்றன. வாயருகே உள்ள ரோமங்கள் யாவும் கீழ்நோக்கியே வளைந்திருக்கின்றன. இறங்குவது எளிது, ஏறுவது கடினம். அதற்கும் கீழே வழுக்குச் சுவர், அடியில் தண்ணீர். ஆயினும் வந்து போகும் பூச்சிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடச் சிக்குவதில்லையாம். சிக்கும் அந்தச் சிறு பங்கே செடியின் ஜீவனத்திற்குத் துணையாகிறது.

விழுந்த பூச்சியைச் செடி தனியே ஜீரணிப்பதில்லை. குடுவை நீரிலேயே பிறந்து வளரும் சிற்றீக்களின் புழுக்கள் சவத்தைக் கிழிக்கின்றன. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன. ஒருவகைக் கொசுவின் புழுக்கள் அந்நுண்ணுயிர்களை உண்கின்றன. எஞ்சும் கழிவிலுள்ள சத்தை இலை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்காலத்தில் குடுவை நீர் பனிக்கட்டியாக உறைந்தாலும் இக்கொசுப் புழுக்கள் உயிர் தப்பி, வசந்தத்தில் மீண்டும் நெளிகின்றன!

பூச்சி மாத்திரமன்று. ஒண்டாரியோ மாகாணத்து ஆல்கான்குயின் வனத்தில், பல்லி போன்ற உருவமுடைய ஸாலமாண்டர் குஞ்சுகளும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு செடியில் அகப்பட்டிருந்ததை 2019-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

இத்துணை சாமர்த்தியமும் வறுமை கற்றுக்கொடுத்ததே. எல்லிஸன், கோட்டெல்லி என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இச்செடிகளுக்கு நைட்ரஜனை அதிகமாக அளித்துப் பார்த்து, 2002-இல் அதன் விளைவை வெளியிட்டனர். சத்து மிகுந்ததும் குடுவைகள் சிறுத்தன. இலைகள் தட்டையாக விரிந்தன. வேட்டைக்காரன் வேட்டையைக் கைவிட்டான்!

நல்லதுதானே என்று நேயர்கள் எண்ணலாம். அன்று. நெடுங்காலம் சத்து மிகுந்தால் இச்செடிக் கூட்டமே குன்றிவிடக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. எரிபொருட் புகையும் வயல் உரமும் காற்றில் கலந்து, மழையோடு நைட்ரஜனாகச் சதுப்பில் இறங்குகின்றன. சத்து பெருகிய இடத்தில் புல்லும் புதரும் புகுந்து ஓங்கும். தரையோடு தரையாகக் கிடக்கும் குடுவைச் செடி அவற்றின் நிழலில் நலியும். நமக்கு எரு எனப்படுவது அதற்கு நஞ்சாகிறது.

நியூபவுண்ட்லாந்து மக்கள் இதன் அருமையை அறிந்தவர்கள். 1949-இல் கனடாவோடு இணைவதற்கு முன் அந்நாடு தனி நாணயம் அடித்து வந்தது. 1938-இல் வெளியிட்ட ஒரு சென்ட் காசில் குடுவைச் செடியையே பொறித்தது. 1954-இல் அதன் மலர் மாகாண மலராயிற்று. செழித்த வயல்கள் அரிதான தீவு, தன் சதுப்பில் விளைந்ததையே தன் சின்னமாகக் கொண்டது.

சதுப்பைக் கண்டவுடன், "வீண் நிலம், வடித்து உரமிட்டால் பயனாகும்" என்று சொல்வது உலக வழக்கம். சில நிலங்களுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி, அவற்றை அவற்றின் வறுமையோடு விட்டுவைப்பதே.