கொல்லிப்பாவையும் கியர்ப்பெட்டியும்

தமிழ் பயில்வார்க்குக் கொல்லிமலை என்றதும் முதற்கண் நினைவிற்கு வருவன வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையுமேயாம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பேசப்படும் அப்பாவை, தானே நகைத்துக் காண்பாரை மயக்கி உயிர்கொண்டது என்பது வழிவழி வந்த வழக்கு. சீவகசிந்தாமணியில் விசயை ஊர்ந்த மயிற்பொறியோ, வலமாகத் திரித்தால் எழும். இடமாகத் திரித்தால் இறங்கும். இவை புலவர் உள்ளத்தில் இயங்கிய பொறிகள். இன்று மாணவர் தம் கையாற் சமைத்துப் போட்டிக் களத்தில் ஓடவிடும் பாவையை ரோபோ என்கிறோம். அப்பாவையின் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே எத்தகைய கியர்ப்பெட்டியைப் பொருத்துவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சென்ற ஆண்டு எம் விடுதி நண்பர் சிலர், மாலைச் சிற்றுண்டியைத் துறந்து சேர்த்த பொருளால் ஒரு ரோபோ அமைத்தனர். சமதரையில் அது அம்பெனப் பாய்ந்தது; யாம் கைகொட்டி ஆர்த்தோம். களத்திலிருந்த சிறு சரிவில் ஏறத் தொடங்கியதும் நின்றது, மோட்டார் புகைந்தது. மோட்டாரில் குற்றமில்லை, கியர் விகிதத்தைத் தேர்ந்த முறையிலேதான் குற்றம். அதனை எமக்கு விளங்கச் செய்தவர் சேந்தமங்கலத்தைச் சார்ந்த எம் அறைத்தோழர். அவர் கூறிய உவமை மலைப்பாதைப் பஸ்.

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை பஸ் விரைந்து செல்லும். அங்கிருந்து மேலே 70 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் கியரைக் குறைக்கின்றார். என்ஜின் உரத்து முழங்குகின்றது. சக்கரமோ மெல்லச் சுழல்கின்றது. வேகத்தை விட்டுக்கொடுத்துத் திருப்புவிசையைப் பெறுகின்றோம். கியரின் தத்துவம் முழுவதும் இதுவே. சிறு பற்சக்கரம் இருபது முறை சுழன்று பெருஞ்சக்கரத்தை ஒருமுறை சுழற்றுமாயின், வேகம் இருபதில் ஒரு பங்காகும். திருப்புவிசை, உராய்வில் இழப்பது நீங்கலாக, இருபது மடங்காகும். இரண்டும் ஒருங்கே பெருகுதல் இயலாது.

இதனை ஒரு கணக்கினாற் காண்போம். ரோபோவின் எடை 20 கிலோ. சக்கரத்தின் விட்டம் 10 செ.மீ.; மோட்டார்கள் இரண்டு என்க. ஒவ்வொரு மோட்டாரும் சுமையின்றி நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும். சுழலாது நிற்குங்கால் 2 கிலோ-செ.மீ. திருப்புவிசை தரும். ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஏற, எடையில் ஐந்திலொரு பங்காகிய 4 கிலோ விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. ஆதலின் மொத்தம் 20 கிலோ-செ.மீ.; ஒரு மோட்டாரின் பங்கு 10.

விகிதம் 5 ஆயின், சமதரையில் நொடிக்கு 6.28 மீட்டர் ஓடும் எனக் கணக்குக் காட்டும். ஆனால் சரிவில் மோட்டார் 2 கிலோ-செ.மீ. தருதல் வேண்டும், அஃது அதன் முழு ஆற்றல். எனவே நின்றுவிடும். எம் நண்பர்க்கு நேர்ந்தது இதுவே. விகிதம் 10 ஆயின் பாதி ஆற்றலும், 20 ஆயின் காற்பங்கும் போதும். மோட்டார் உண்ணும் மின்னோட்டம் திருப்புவிசையைப் பின்பற்றுவது. சுருளிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. ஆதலால் 10-ஐ விட்டு 20-ஐக் கொள்ளின் வெப்பம் நாலிலொன்றாகக் குறையும். 20-இல் சமதரை வேகம் நொடிக்கு 1.57 மீட்டரே, எனினும் சரிவில் 1.18 மீட்டர் வேகத்தில் ஏறிச்செல்லும். நின்றுபோன முயலினும் நடக்கும் ஆமை நன்றன்றோ?

அங்ஙனமாயின் விகிதத்தை நூறாக்கலாமே எனின், அதுவும் பிழையாம். சக்கரம் தரையைப் பற்றும் அளவுக்கு மேற்பட்ட விசையாற் பயனில்லை. பற்று எடையில் பத்திலாறு பங்கு என்க. 12 கிலோ விசைக்கு மேற் சக்கரம் வழுக்கும். விகிதம் 20-இல் மோட்டார்கள் தரவல்லது 16 கிலோ. எனவே எதிரி ரோபோ வந்து தடுத்தாலும், மோட்டார் நிற்குமுன் சக்கரம் வழுக்கி மோட்டாரைக் காக்கும். விகிதம் 10-இல் 8 கிலோவே, சக்கரம் வழுக்காது, மோட்டார் நின்று எரியும். ஆகவே சக்கரம் வழுக்குதற்குப் போதிய விகிதத்தைக் கொண்டு, அதனினும் மிகாது நிற்பதே நடுவுநிலை.

இனி வகைகளைக் கூறுவாம். நேர்ப்பற் சக்கரங்கள் விலை மலிந்தவை, பழுது பார்த்தல் எளிது, ஓசை மிகுதி. கோள்வகைக் கியரில், நடுவே சூரியச் சக்கரமும், அதனைச் சூழக் கோட்சக்கரங்களும், புறத்தே பல்வளையமும் உள; சுமையைப் பல பற்கள் பகிர்வதால் சிறிய உருவில் பெரும்பாரம் தாங்கும்; விலை கூடுதல். திருகுவகைக் கியர் பெருவிகிதம் தருவது. சரிவில் பின்னோக்கி நழுவாது நிறுத்த வல்லது. ஆயின் உராய்வில் ஆற்றலை மிகுதியும் இழக்கும். ஓடும்போதே விகிதம் மாற்றும் இருவேகப் பெட்டியும் உண்டு. அஃது எடையையும் பழுதையும் கூட்டுமாதலின் முதன்முறை முயல்வார்க்கு ஏற்றதன்று.

ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002-ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய ரோபோகான் போட்டி, 2008-இலும் 2014-இலும் புனேயிலும், 2022-இல் புதுதில்லியிலும் நடந்தது. புதுதில்லியில் ஆடியது லகோரி. நம் சிறுவர் பந்தெறிந்து கல்லடுக்கைக் குலைக்கும் ஏழுகல் ஆட்டமே அது. ஆண்டுதோறும் ஆட்டம் மாறுவதால், சென்ற ஆண்டின் கியர் இவ்வாண்டிற்குப் பொருந்தும் என்பதில்லை. களத்தை முதலில் அளந்து, எடையை நிறுத்து, கணக்கிட்டபின் கடைக்குச் செல்க.

எம் நண்பர்கள் மீண்டும் பொருள் சேர்த்து வருகின்றனர். இம்முறை வாங்குமுன் ஒரு தாளில் கணக்கிட்டனர். அத்தாளைத் தமிழில் எழுதும் பேறு எமக்குக் கிட்டியது. காரவள்ளியில் கியரைக் குறைக்கும் ஓட்டுநர் விரைவை இழந்தவரல்லர், மலையுச்சியை மறவாதவர்.