வீட்டில் அமைக்கும் கம்பியில்லா வானிலைக் கருவி

கொடகவெலப் பகுதி, ஈரவலயம் முடிந்து வறண்ட நாடு தொடங்கும் எல்லையை அண்டிக் கிடக்கின்றது. அதன் மேற்கிலும் தென்மேற்கிலும் இறக்குவானை மலைகள் உயர்ந்து நிற்கின்றன. தென்கிழக்கே எம்பிலிப்பிட்டியவை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிற் சிறிது தூரம் சென்றால் நிலமும் பயிரும் மாறிவிடுகின்றன. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்ய, அதே மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள எம்பிலிப்பிட்டியவில் அதிற் பாதியேனும் பெய்வதில்லை. ஆகவே, “இரத்தினபுரி மாவட்டத்தில் கடும் மழை பெய்யலாம்” என்னும் பொது அறிவித்தல், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கொடகவெல மலைச்சரிவொன்றில் இன்றிரவு எவ்வளவு மழை விழுந்தது என்பதை ஒருபோதும் சொல்லமாட்டாது. அதனை அவ்விடத்தில் அளந்தே அறிதல் வேண்டும்.

மழையை அளத்தல் நமக்குப் புதிதன்று. கௌடிலியரின் அருத்தசாத்திரத்திலேயே களஞ்சியத்தின் முன் வாய் அகன்ற பாத்திரம் வைத்து மழையை அளக்கும் முறை கூறப்பட்டுள்ளது. “ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை” என்று கமக்காரர் மண்ணின் ஈரத்தைக் கொண்டு கணித்ததும் ஓர் அளவே. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே கந்தோர் முற்றத்தில் மழைமானி வைத்து நாடோறும் காலையில் அளந்து புத்தகத்திற் பதியும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இத்தகைய தோட்டக் கணக்குகள் பல வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் பயன்பட்டுள்ளன. ஆனால் அக்கணக்கு காலையிலேதான் தெரியவரும். இரவு இரண்டு மணிக்கு மழை கொட்டும்பொழுது, மலையடிவாரத்து லயத்தில் உறங்குபவருக்கு அதனாற் பயனில்லை. அக்குறையைத் தீர்க்கவல்லது கம்பியில்லா வானிலைக் கருவியாகும்.

இக்கருவி இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று வெளியில் நடப்படுவது. மழைமானி, வெப்பமானி, ஈரப்பதன்மானி, காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டும் உறுப்புகள் ஆகியவை அதில் அடங்கும். மற்றையது வீட்டினுள் வைக்கப்படும் காட்சிப்பெட்டி. வெளிக்கருவி சில வினாடிகளுக்கு ஒருமுறை வானொலி அலைகள் மூலம் அளவுகளை அனுப்ப, உட்பெட்டி அவற்றை எண்களாகக் காட்டுகின்றது. இடையிற் கம்பி இழுக்க வேண்டியதில்லை. காட்சிப்பெட்டி இல்லாமற் கைத்தொலைபேசிக்கு மட்டும் செய்தி அனுப்பும் வகைகளும் விற்கப்படுகின்றன. அவை இப்பகுதிக்கு உகந்தவையல்ல. பெருமழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போகும் வேளையிலேதான் கருவி மிகவும் வேண்டப்படுகின்றது. ஆகையாற் பற்றரியில் இயங்குவதும், ஒலியெழுப்பி எச்சரிப்பதுமான காட்சிப்பெட்டி உள்ளதையே வாங்குதல் வேண்டும். வெவ்வேறு நாடுகளுக்கென 433, 868, 915 மெகாஹேட்ஸ் என வெவ்வேறு அலைவரிசைகளில் இவை செய்யப்படுவதால், வாங்கும் வகை இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவினால் அனுமதிக்கப்பட்டதா என்பதை விற்பவரிடம் கேட்டறிதல் நன்று.

மழைமானியின் உள்ளே ஏற்றப்பலகை போல் இருபுறமும் சாயும் சிறு கிண்ணங்கள் இரண்டு உள்ளன. புனலால் இறங்கும் நீர் ஒரு கிண்ணத்தை நிரப்பியதும் அது சாய்ந்து நீரைக் கொட்ட, மறுகிண்ணம் அவ்விடத்துக்கு வரும். ஒவ்வொரு சாய்வும் 0.2 அல்லது 0.3 மில்லிமீற்றர் மழை எனக் கணக்கிடப்படும். இச்சாயுங் கிண்ண முறையை 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் கிறிஸ்தோபர் ரென் என்பவர் வகுத்தார். வானொலியும் பற்றரியும் புதியவையே அன்றி அளக்கும் வழி மிகப் பழையது. அதன் குறையும் பழையதே. கடும் மழையிற் கிண்ணம் சாயும் கணத்தில் வீழும் நீர் கணக்கிற் சேராதொழிவதால், பெருமழையைக் கருவி சற்றுக் குறைத்தே காட்டும். இதனை எப்பொழுதும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இடந் தெரிதல்

பெரும்பாலோர் இடத்தைத் தெரிவதிலேயே தவறுகின்றனர். வீட்டுக் கூரையின் உச்சியே உயரமான இடமெனக் கருதி அங்கே கருவியைப் பொருத்திவிடுகின்றனர். கூரையில் மோதி மேலெழும் காற்று மழைத்துளிகளைப் புனலின் மேலாக அடித்துச் சென்றுவிடும். வெயிலிற் காய்ந்த தகரத்தின் சூடு வெப்பமானியை ஏமாற்றும். புற்றரையில் நட்ட கம்பமே சிறந்தது. வெப்பமானி நிலத்திலிருந்து 1.25 முதல் 2 மீற்றர் வரை உயரத்தில் இருத்தல் வேண்டும். சீமெந்துத் தளம், தார்த் தெரு, அடுப்புப் புகைபோக்கி முதலியவற்றுக்கு அருகில் ஆகாது. காற்றின் வேகத்தை முறைப்படி அளப்பதற்கு 10 மீற்றர் உயரம் வேண்டும். வீடுகளில் அது இயலாது. ஆகவே காற்றின் எண் குறைவாகவே வரும் என அறிந்து விட்டுவிடலாம். நமக்கு மழையே முதன்மையானது.

ஒரு மரம் அல்லது கட்டடம் எவ்வளவு உயரமோ, அதன் இருமடங்கு தூரத்துக்கு அப்பால் மழைமானி நிற்றல் வேண்டும். 8 மீற்றர் உயர மரத்துக்கு 16 மீற்றர் தூரம். இறப்பர் மரங்களுக்கிடையில் வைத்து அளப்பது குடையின் கீழ் நின்று அளப்பதை ஒக்கும். பலா, கமுகு, தென்னை நெருங்கிய வீட்டுத் தோட்டத்தில் இவ்விதியை முற்றாகக் கைக்கொள்ள முடியாது. அப்படியாயின் மரக்கறிப் பாத்தியின் நடுவையோ, பிரட்டுக் களத்தின் ஓரத்தையோ நாடலாம். கம்பத்தை அசையாது நட்டு, மட்டக்குழாய் வைத்துப் புனலின் வாய் சரிமட்டமாக இருப்பதை உறுதி செய்தல் வேண்டும். சாய்ந்து நின்றாற் கிண்ணங்கள் சமமாக நிரம்பா. சித்திரையிலும் ஐப்பசியை ஒட்டிய மாதங்களிலும் இப்பகுதியில் இடிமின்னல் மிகுதி. தேவைக்கு மேல் உயர்ந்த இரும்புக் கம்பம் வேண்டா. இடி முழங்கும்போது கருவியைப் பார்க்க வெளியே செல்லுதலும் கூடாது.

திறந்த வெளியில் 100 மீற்றர் தூரம் எட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பினும், சுவர்களும் ஈரமான இலைத்திரளும் அத்தூரத்தைக் குறைத்துவிடும். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலைகளைத் தடுப்பனவற்றுள் முதன்மையானவை. ஆதலால் லயன் அறையில் உட்பெட்டியை வெளிக்கருவியை நோக்கிய யன்னலருகில் வைத்தல் வேண்டும். கம்பத்தை நிரந்தரமாக நடுமுன், கருவியைக் கையிற் பிடித்து நின்று, உள்ளே எண்கள் விடாமல் மாறுகின்றனவா என ஒரு மணி நேரமாவது சோதித்தல் நன்று. இடையில் ஒரு செய்தி தவறினாலும் கவலையில்லை. பெரும்பாலான கருவிகள் மொத்தக் கணக்கையே அனுப்புவதால் அடுத்த செய்தியில் அது சரியாகிவிடும். பற்றரி மாற்றும்போது கணக்கு அறுபடக்கூடும் ஆகையால், அதற்கு முன் எண்ணைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். மழை பெய்யும் நாளிற் பற்றரியைக் கழற்றலாகாது.

கருவியைச் சோதித்தல்

புதிதாக வாங்கிய கருவி சரியானதே என நம்பிவிடுதல் தகாது. புனல் வாயின் விட்டத்தை அளக்க. 12 சதமமீற்றராயின் அதன் பரப்பு 113 சதுர சதமமீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கு 113 மில்லிலீற்றர் நீர் ஈடாகும். அவ்வளவு நீரை அளந்து, அடியில் ஊசித்துளையிட்ட போத்தலில் ஊற்றி, அரை மணி நேரத்தில் மெல்லத் துளித்துளியாகப் புனலில் வடியவிடுக. பெட்டி 10 ஐ அண்டிய எண்ணைக் காட்டுதல் வேண்டும். இதனுடன் நேரான பக்கங்களும் தட்டையான அடியுமுள்ள பேணியொன்றைக் கருவியின் அருகே கம்பத்தில் இறுகக் கட்டி வைக்கலாம். காலையில் அடிமட்டம் கொண்டு நீரின் ஆழத்தை அளந்தால் அதுவே மில்லிமீற்றரில் மழையாகும். கிண்ணத்தில் எறும்பு புகுந்து கருவி வாளாவிருந்த இரவிலும் அப்பேணி பொய் சொல்லாது.

காட்சிப்பெட்டியிற் சூரியன், முகில், மழை எனப் படங்கள் தோன்றும். நாளைய வானிலையை அவை முன்கூட்டிக் கூறுவதாக எண்ணிப் பலர் கருவியை வாங்குகின்றனர். இப்படங்கள் காற்றமுக்கத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மாறுபவை. குளிர்நாடுகளிற் புயற்றொகுதி ஒன்று கடக்கும்போது அமுக்கம் பத்து இருபது மில்லிபார் வீழ்வதுண்டு. ஆங்கே அப்படத்துக்குப் பொருள் உண்டு. இலங்கையிலோ அமுக்கம் நாடோறும் தானாகவே இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. காலையும் இரவும் 10 மணியளவில் உயர்ந்தும், அதிகாலையும் பிற்பகலும் 4 மணியளவிற் தாழ்ந்தும் மூன்று நான்கு மில்லிபார் மாறும். இதைக் கண்டு பெட்டி பிற்பகலில் மழைப்படம் காட்டினால் அதிற் பொருளில்லை. மலையிலிருந்து மாலையில் இறங்கும் இடிமழையோ அமுக்கத்திற் பெரிய மாற்றம் எதனையும் முன்னே காட்டாது வந்துவிடும். படத்தை விடுத்து எண்ணைப் பார்க்கப் பழகுதலே முறை. வரப்போகும் மழைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், பெய்து முடிந்த மழைக்குச் சொந்தக் கருவியையும் கொள்க.

மண்சரிவும் நள்ளிரவுக் கணக்கும்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையிற் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணில் புதையுண்டன. 2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில், பல நாள் விடாமழையின் பின் சாமசர மலைச்சரிவு பெயர்ந்து வீழ்ந்ததில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டமே இத்துயரைக் கண்டது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மக்களுக்கு வகுத்துள்ள அளவுகள் இவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்துவிட்டால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடல் வேண்டும்.

இங்கே கருவியின் எண்ணைப் பிழையாக வாசித்தால் உயிருக்கு ஆபத்து நேரலாம். பெரும்பாலான காட்சிப்பெட்டிகளில் “இன்றைய மழை” என்னும் எண் நள்ளிரவு 12 மணிக்குப் பூச்சியமாகி மீண்டும் தொடங்கும். மாலை 7 மணிக்குத் தொடங்கிய மழை நள்ளிரவுக்குள் 70 மில்லிமீற்றரும், அதன்பின் அதிகாலை 4 மணிக்குள் 65 மில்லிமீற்றரும் பெய்ததாகக் கொள்வோம். விழித்தெழுந்து பார்ப்பவருக்குப் பெட்டி 65 என்றே காட்டும். அது 75 க்குக் குறைவு என்று அவர் மீண்டும் படுத்துவிடுவார். உண்மையில் ஒன்பது மணி நேரத்தில் 135 மில்லிமீற்றர் பெய்துவிட்டது. வெளியேற ஆயத்தமாகும் எல்லை எப்போதோ கடந்துபோயிற்று. மழை இரு நாட்களாகப் பிரிக்கப்பட்டதை மலை அறியாது. ஆகவே கடந்த 24 மணி நேரக் கணக்கைத் தனியே காட்டும் கருவியையே தெரிந்து, எச்சரிக்கை மணியை அக்கணக்கில் 75 க்கு அமைத்தல் வேண்டும். அவ்வசதியற்ற கருவியானால், உறங்கச் செல்லுமுன் அன்றைய எண்ணைச் சுவரில் எழுதிவைத்து, நள்ளிரவின் பின் தோன்றும் எண்ணுடன் கூட்டிக் கொள்ளல் வேண்டும். “மழை வீதம்” என்பது வேறு. அது 90 எனக் காட்டினும், பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிட்டால் விழுந்தது 15 மில்லிமீற்றரே.

ஒரு லயத்துக்கு ஒரு கருவி போதும். ஆனால் அதனை வாசிக்கத் தெரிந்தவர் இருவராவது இருத்தல் வேண்டும். எந்த எண்ணுக்கு யார் யாரை எழுப்புவது, முதியோரையும் குழந்தைகளையும் எவ்வழியாற் கொண்டு செல்வது என்பன வெயில் நாளிலேயே பேசி முடிவு செய்யப்பட வேண்டியவை. நிலத்தில் வெடிப்புத் தோன்றினாலும், மரங்களும் கம்பங்களும் சாய்ந்தாலும், பீலி நீர் திடீரெனக் கலங்கினாலும் அல்லது நின்றுபோனாலும் எண்ணுக்காகக் காத்திருத்தல் ஆகாது. கருவி நிற்குமிடத்திற் குறைந்தும் மலையுச்சியிற் கூடியும் மழை பெய்திருக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

தொழிலிற் பயன்

மழைக்கால விடியலில் இறப்பர்ப் பால் வெட்டுவோர் மலையேறி, பட்டை நனைந்திருக்கக் கண்டு வெறுங்கையுடன் திரும்புவது வழக்கம். எந்த மணிக்கு மழை நின்றது என்பதைப் பெட்டியிற் கண்டு, மரம் காய எவ்வளவு நேரம் செல்லும் என்பதைச் சில வாரங்களிற் பழகிக்கொண்டால் அவ்வீண் நடை குறையும். ஈரப்பட்டையில் வெட்டினாற் பால் சிரட்டையிற் சேராது வழிந்தோடுவதோடு, பட்டையழுகல் நோயும் இடம்பெறும். சிறு தேயிலைக் காணியாளருக்கு உரமிடும் நாளைத் தெரிய இக்கணக்கு உதவும். காய்ந்த மண்ணில் இட்ட உரம் பயிருக்கு எட்டாது. கொட்டும் மழைக்கு முன் இட்டதோ கான் வழியே ஆற்றுக்குப் போய்விடும்.

நாடோறும் காலை 8.30 மணிக்கு முந்திய 24 மணி நேர மழையைக் கொப்பியில் எழுதுக. வளிமண்டலவியல் திணைக்களம் நாளை எண்ணுவதும் அம்மணியிலிருந்தேயாதலால், இரத்தினபுரிக் கணக்குடன் ஒப்பிட எளிதாகும். கருவியின் நினைவு பழுதானாலும் கொப்பி நிலைக்கும்.

மாதம் ஒருமுறை புனலைக் கழற்றிச் சிலந்தி வலை, எறும்புப் புற்று, இலைத் துண்டு முதலியவற்றை நீக்குதல் வேண்டும். கிண்ணத்தைத் துடைக்கையிற் கிளம்பும் பொய்க்கணக்கைக் கொப்பியிற் குறித்துக் கழித்துவிடுக. இறப்பர் இலையுதிரும் மாசி, பங்குனி மாதங்களில் வாரந்தோறும் பார்த்தல் நலம். அதனையடுத்தே சித்திரை இடிமழை தொடங்குகின்றது.